வல்லாரை கொண்டுவந்தவர்

நான் படிப்பை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய காலையில் அப்பா அம்மாவின் நெற்றியில் பித்தளைச் செம்பால் அடித்தார். மூவாரிலிருந்து பஸ்ஸில் ஆயர் ஈத்தாம் வழியாகக் குளுவாங் வந்து, அங்கே தங்கி, ரயிலில் லாயாங் லாயாங்கில் இறங்கி, தோட்டத்து மாட்டுவண்டியில் ஏறி வந்திருந்தேன். டிரங்குப் பெட்டி இன்னும் வண்டியில்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே அப்பா வந்தார்.

"யாருடி நீ? எவன் வீட்டுல வந்து அடுப்பு மூட்டுற?"

கேட்டு முடிப்பதற்குள் செம்பு இறங்கிவிட்டது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ரத்தம் மூக்கின் ஓரமாக வழிந்து உதட்டில் வந்து நின்றது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்டாள். ஏற்கெனவே பழகிப்போன காரியம் என்பது அவள் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. எனக்கு எழுதிய கடிதங்களில் ஒரு வார்த்தை இல்லை.

அப்பா அந்த ரப்பர் தோட்டத்தின் பெரிய கங்காணியாக இருந்தவர். தோட்டம் வெறும் காடாக இருந்தபோதே ஊரிலிருந்து ஆள் கட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். கோட்டு, தலைப்பாகை, கையில் பிரம்பு. அந்தப் பிரம்பை நான் குழந்தையிலிருந்து பார்த்திருக்கிறேன். அது சுவரில் தொங்கினால் வீட்டில் பேச்சு இருக்கும். அவர் கையில் இருந்தால் இருக்காது. அடிக்காத கங்காணி அந்தக் காலத்தில் இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களே, உங்கப்பா மாதிரி அடிச்சவரும் இல்லை என்றும் சொல்வார்கள்.

ரப்பர் விலை விழுந்து, ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களில் பாதி காலியாகி, ஆட்களைத் திரும்பக் கப்பலேற்றிய நாட்களில் அப்பாவையும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கு முன்பே மறதி ஆரம்பித்திருந்ததாம். முதலில் பெயர்கள் போயின. பிறகு வழி போயிற்று. இருபது வருஷத்துக்கு மேல் நடந்த தீம்பாருக்குள், ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். கடைசியில் அம்மாவும் நினைவிலிருந்து போனாள். போகாதது ஒன்றே ஒன்று, பெரட்டு, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் காலை வேலை. விடிவதற்கு முன் எழுந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, பிரம்போடு எங்கள் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட பெயர்களில் பாதிப்பேர் செத்துப்போனவர்கள். யாரும் பதில் சொல்லவில்லையே என்று அவருக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் கண்ணில் படுகிற ஆள் தொலைந்தார்.

நான் வந்த வாரமே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி தொலைந்தாள். வாளியோடு எங்கள் வாசலைக் கடந்தவளைப் பின்னாலிருந்து கழுத்தில் அடித்து, விழுந்தவளை விடாமல் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார். நானும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அறுபதைத் தாண்டிய உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ. அந்தப் பெண்ணின் முதுகில் ரவிக்கை கிழிந்து தோலும் கிழிந்திருந்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. என்னையும் அம்மாவையும் ஆபீஸ் வாசலில் நிறுத்தி ஒரே பேச்சாகச் சொன்னார். பழைய ஆள் என்பதால் இந்த ஒரு தடவை விடுகிறேன். இனி எவர் உடம்பிலாவது இவரால் ரத்தம் வந்தால் போலீஸ் லாரி வரும், ஜொகூர் பாரு பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவேன். அங்கே போய்த் திரும்பியவர் எவரையும் எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. வீடு வந்து சேரும்வரை அம்மா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நீதான் படிச்சவன், ஏதாவது பண்ணு என்றாள்.

இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போல நான் துள்ளினேன். உண்மையும் அதுதான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை எங்கும் இல்லை. படித்த படிப்பு உள்ளே கிடந்து குடைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, தாவரம். மூவார் ஆற்றங்கரையில் பிடுங்கிய செடிகளைக் காகிதத்துக்கு நடுவில் வைத்து அழுத்தி, லத்தீன் பெயரைக் கீழே எழுதி, அதே செடிக்கு நம் வைத்திய நூல்களில் என்ன குணம் சொல்லியிருக்கிறது என்று தேடுவேன். வல்லாரை புத்தியைத் தெளிவிக்கும். நீர்ப்பிரம்மி நினைவைக் கட்டும். மூளைக் காய்ச்சலில் தும்பைச் சாறு நசியமாக மூக்கில் விட்டால் தலையில் ஏறிய சூடு இறங்கும். வசம்பு மழுங்கிய நாக்கையும் மூளையையும் எழுப்பும். இவ்வளவு இருக்கும்போது எதற்கு ஜொகூர் பாரு? மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் பெகாகா என்று இதே வல்லாரையைச் சோற்றோடு பச்சையாகத் தின்கிறார்கள்; அங்கே கிழவர்களும் கிழவிகளும் எத்தனை தெளிவாகப் பேசுகிறார்கள் என்று அம்மாவுக்கு மூச்சு விடாமல் விளக்கினேன். அவள் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் மட்டும் மடக்கினார். அதன் வாசலில் திண்ணைபோல இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி என் திட்டம் முழுவதையும் கேட்டார்.

"மூளைக் காய்ச்சல்ல மூளை வீங்கும். உங்கப்பாருக்கு மூளை சுருங்குது. வீங்கினதுக்கும் சுருங்கினதுக்கும் ஒரே பச்சிலையா, தம்பி? அப்ப என் வழுக்கைக்கும் அதையே அரைச்சுக் குடு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. சூடு ஏறி ஏறித்தான் மூளை கருகிச் சுருங்குகிறது, சூட்டைத் தணித்தால் மிச்சம் இருப்பதாவது பிழைக்கும் என்று வாதாடினேன். இன்றுவரை அந்த வாதம் முழுப் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததைவிட அதிகமாகத் தெரிந்ததுபோலப் பேசினேன் என்பதும் உண்மை.

மறுநாள் விடிகாலையில் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கடைசி லயத்துக்காரர். வருஷக்கணக்கில் பால் வாளி தூக்கி இடது தோள் சாய்ந்துபோனவர். சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கு மேல் பழக்கமில்லை. எங்கள் வீட்டுப் பக்கமே அவர் வந்ததில்லை. கையில் ஒரு கூடை. உள்ளே வேரோடு, மண் போகக் கழுவிய வல்லாரை, ஒரு அழுகல் இலை இல்லாமல்.

"கேணிப் பக்கம் நல்லா மொளைச்சிருக்கு. தெனமும் நான் கொண்டாறேன் தம்பி. உங்கப்பாருக்குப் புத்தி தெளியணும்."

எதற்கு இத்தனை அக்கறை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் மருந்துக்கு முதல் ஆள் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம் எனக்கு.

வல்லாரையைக் குடிக்க வைப்பது சிரமமாக இல்லை. பசும்பாலில் கலந்து சர்க்கரை போட்டால் அப்பா குடித்துவிடுவார். நசியமும் தலைப் பற்றும்தான் சண்டை. மயிரை மழித்து உச்சியில் அரைத்த இலையைக் கனமாக அப்ப வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து மூக்கில் தும்பைச் சாறு விட வேண்டும். அதற்கு ஆளைப் பிடிக்க வேண்டும். நான் ஒருவன் பிடித்ததில் என் கீழுதடு கிழிந்தது. உதவிக்கு யாராவது வருவீர்களா என்று லயத்தில் கேட்டேன். நாலு பேரைக் கேட்டதற்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடித்த மனுஷனுக்கும் உதவ வருகிறார்களே, இதுவல்லவா ஜனங்கள் என்று நினைத்தேன். அப்பாவை முற்றத்தில் பாயில் கிடத்தினார்கள். காலைப் பிடித்தவன் முழங்காலை அப்பாவின் அடிவயிற்றில் ஊன்றிக்கொண்டான். கையைப் பிடித்தவர் மணிக்கட்டை முறுக்கினார். சாறு மூக்கில் இறங்கியதும் அப்பா அலறினார். தும்மலும் சளியும் பச்சைத் தண்ணியுமாக முகமெல்லாம் வழிந்தது. துள்ளிய உடம்பை இன்னும் இரண்டு பேர் ஏறி மிதித்தார்கள். ஒரு கிழவர் அப்பாவின் காதருகே குனிந்து, என்னைத் தெரியுதா கங்காணி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க என்று கேட்டபடியே காதைத் திருகினார். எல்லாரும் சிரித்தார்கள். மருந்து ஏறுதுடா என்று ஒருவன் சொன்னான்.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் அதிகம் பேர் வந்தார்கள். முறை வைத்துப் பிடித்தார்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர் தயாராக நின்றார். அப்பாவைக் குளிப்பாட்டும்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள். விலா முழுவதும் கறுத்திருந்தது. முதுகில் குதிகால் அச்சு ஒன்று தெளிவாகப் பதிந்திருந்தது. யாரு அடிச்சா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் தன் விலாவைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார். அவருக்கு முந்தின நாள் என்று ஒன்று இல்லை. பழைய அடிகளுக்காக அவர்கள் ஒவ்வொரு காலையும் வந்து தீர்த்துக்கொண்டிருந்த கணக்கு அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் அவர்களுக்கும் போதவில்லை என்று நினைக்கிறேன்.

எல்லாரையும் விரட்டினேன். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். நல்லதுக்குக் காலமில்லை என்று அந்தக் காது திருகிய கிழவர் உரக்கவே சொன்னார். வல்லாரைக்கார மாமா மட்டும் போகவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தாடையை ஏந்தி, மெல்லப் பின்னால் சாய்த்தார். சாறு விடும்போது தலை அசையாமல், அதே நேரம் நோகாமல் பிடித்தார். அது பழகிய கையின் பிடியாக இருந்தது. இதற்கு முன் யாருக்காவது நசியம் விட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் அவரும் அவர் அண்ணனும் ஒரே கப்பலில் அப்பாவோடு வந்தவர்கள். ஒரு நாள் காட்டிலிருந்து அண்ணனைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மூளைக் காய்ச்சல், திடீரென்று விழுந்துவிட்டான் என்று அப்பா சொன்னார். டிரெசர் கிடையாது அப்போது, ஆஸ்பத்திரியும் கிடையாது. இவர் பதைத்துப்போய், ஊரில் தன் தாய் செய்ததை நினைவு வைத்து, தும்பையும் வல்லாரையும் தேடிப் பிடுங்கி வந்து, அண்ணனின் தலையை மடியில் ஏந்தி மூக்கில் விட்டார். அண்ணன் கண் திறக்காமலே போய்விட்டார். மறுநாள் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் அப்பா இவரைக் காட்டிச் சொன்னாராம்: காய்ச்சல்ல பொழைச்சிருப்பான், இந்தப் பய பச்சைச் சாறு ஊத்திக் கொன்னுட்டான்.

அன்றிலிருந்து அண்ணனைக் கொன்றவன் என்ற பேர். பெண் கொடுக்கக்கூட வெகுநாள் யாரும் வரவில்லை. பேர் போகட்டும் தம்பி, எனக்கே தெரியலையே என்றார். இருபது வருஷமாக அவருக்குத் தெரியவில்லை; தன் கையால்தான் அண்ணன் செத்தாரா, இல்லையா. அண்ணனின் காதிலிருந்து கொஞ்சம் ரத்தம் வந்ததைப் பார்த்ததாக ஒரு ஞாபகம். அது நிஜமா, பின்னால் தானாக நினைத்துக்கொண்டதா என்றும் தெரியவில்லை. காட்டில் அப்போது கூட இருந்தவர்களில் இருவர் செத்துவிட்டார்கள், ஒருவர் ஊருக்கே போய்விட்டார்.

"மிச்சம் இருக்கறது உங்கப்பாரு ஒருத்தர்தான். தெளிஞ்ச அன்னிக்கு நான் அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுவரைக்கும் எலை கொண்டாருவேன்."

அப்பா திடமாக இருந்தபோதே கேட்டிருக்கலாமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பிரம்பு வைத்திருந்தவரிடம் யார் போய்க் கேட்பார்கள் என்ற பதில் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

இதையெல்லாம் அடுப்படியிலிருந்து அம்மா கேட்டிருக்கிறாள். அவர் போனதும், மருந்தை நிறுத்து என்றாள். அடி வாங்குகிறவள் அவள். அவளே இப்படிச் சொன்னது எனக்குப் புரியவில்லை. அவருக்கு நெனப்பு வராம இருக்கறதுதான் நமக்கு நல்லது என்றாள். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது, அன்னிக்கு அவரு கோட்டைத் துவைச்சவ நான், அவ்வளவுதான் என்றாள். அடுப்பை ஊதத் திரும்பிக்கொண்டாள். கோட்டில் என்ன இருந்தது என்று கேட்க என்னால் முடியவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் லாரி; தொடர்ந்தால் மாமா கேட்கப்போகும் கேள்வி. லாரிதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அப்பா தேறுவதுபோலவும் இருந்தது. தூக்கம் கூடிற்று. ஒரு மத்தியானம் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் டிரெசரிடம் மார்தட்டினேன். சாயங்காலமே திரும்பி வந்து பார்த்தால் அம்மாவின் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தப் பிரம்பை ஒளித்து வைத்தோம். அவர் அதைத் தேடித் தேடி, தேடுவது எதை என்பதை மறந்து, பிறகும் தேடிக்கொண்டிருந்தார்.

எப்படியோ ஒரு விடிகாலையில் அது அவர் கைக்குக் கிடைத்துவிட்டது. பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். கோட்டோடு வாசலில் நிற்கிறார். உச்சியில் காய்ந்த பற்று பச்சைத் தொப்பிபோல இருக்கிறது. பெரட்டுக்குப் போகும் வழியில் கூடையோடு மாமா அப்போதுதான் வாசலுக்குள் வந்திருந்தார். அப்பா ஒரு பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். மாமாவின் முகம் மாறியதைப் பார்த்தே அது செத்துப்போன அவர் அண்ணனின் பெயர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமா கூடையைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

"வந்துட்டேன் கங்காணி," என்றார்.

முதல் அடி முழங்கையில் விழுந்தது. நான் ஓடினேன். மாமா என் பக்கம் கையை நீட்டி, வராதே என்று காட்டினார். கண் அப்பாவைவிட்டு நகரவில்லை. நேற்று எங்கேடா ஒளிந்தாய் என்று கேட்டு அப்பா அடித்தார். மரம் சாயும் இடத்தில் நிற்கமாட்டேன் என்று துரையிடம் போய்ச் சொன்னவன் நீதானே என்று அடித்தார். தொடையில், இடுப்பில், தோளில். ஆமாங்க, நாந்தாங்க என்று மட்டும் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, வேண்டுமென்றேயா, வலி தாளாமலா என்று எனக்கு இன்றும் தெரியாது, சட்டென்று திரும்பினார். பிரம்பின் பிடி, வெள்ளிப் பூண் கட்டிய கனத்த பிடி, அவர் புருவத்தில் இறங்கியது. மாமா மண்டியிட்டு விழுந்தார்.

அப்பாவின் முகத்திலிருந்து கோபம் வழித்து எடுத்ததுபோலப் போயிற்று. குனிந்து மாமாவின் தலையைத் திருப்பிக் காதைப் பார்த்தார்.

"ஏன்டா திரும்புன? தோளுக்கு வச்ச அடிடா அது. காதுல ரத்தம் வருதேடா." சுற்றுமுற்றும் பார்த்தார், யாரோ பக்கத்தில் நிற்பதுபோல. "தூக்குங்கடா. காச்சல்னு சொல்லுங்க. மூளைக் காச்சல். தம்பிக்காரன் கேட்டா அதையே சொல்லுங்க."

புருவத்திலிருந்து வழிந்த ரத்தம் மாமாவின் கண்ணை மூடியிருந்தது. மற்றொரு கண்ணால் அப்பாவைப் பார்த்தபடியே கேட்டார்:

"மருந்து குடுத்தா பொழைப்பானா கங்காணி?"

"எங்க பொழைப்பான்," என்றார் அப்பா, எரிச்சலோடு. "மண்டை ஒடைஞ்சு போச்சு. அந்தப் பய எதையாச்சும் ஊத்திட்டுக் கெடக்கட்டும்."

மாமா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அப்பா எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தார். யாருப்பா உன்னை அடிச்சது என்று நிஜமான இரக்கத்தோடு விசாரித்தார். மாமா கையை நீட்டினார். அப்பா பிரம்பைக் குழந்தைபோலக் கொடுத்துவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. கதவருகில் அம்மா நின்றாள், அவளும் தடுக்கவில்லை.

மாமா ஓங்கி அடித்தார். ஒரே ஒரு அடி. தோளில். தலையில் படாமல் பார்த்து அடித்தார். கோட்டுத் துணி கிழிந்தது. அப்பா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்து வீறிட்டு அழுதார். மாமா பிரம்பை முழங்காலில் வைத்து முறித்துப் பார்த்தார், அது முறியவில்லை. அப்படியே போட்டுவிட்டுப் பெரட்டுக் களத்தைப் பார்த்து நடந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு போகலாம் என்று கெஞ்சியபடி நான் பின்னால் ஓடினேன். அவர் கழுவவில்லை.

களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். துரை சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ரத்தம் ஒழுகிய முகத்தைப் பார்த்ததும் இவனுக்கு என்ன என்று கேட்டார். பெரிய கிராணி அதை மாமாவிடம் தமிழில் கேட்டார். பெரிய கிராணி அம்மாவுக்குத் தூரத்து அண்ணன் முறை. எனக்கு வேலை தேடிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

மாமா துரையிடம் பேசவில்லை. வரிசையைப் பார்த்துப் பேசினார்.

"பெரிய கங்காணி அடிச்சாரு. எங்கண்ணனையும் இப்படித்தான் அடிச்சாரு. மண்டை ஒடைஞ்சுதான் செத்தான். காச்சல் இல்ல. என் மருந்தும் இல்ல. இப்ப அவரு வாயாலயே கேட்டேன்."

வரிசையில் ஒரு அசைவு ஓடியது. பெரிய கிராணி ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்னிடம் ஒரு தயவைக் கொடுத்து, வாங்கிக்கொள் என்றது. பிறகு துரையின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: இவன் கால்வாயில் வழுக்கி விழுந்துவிட்டானாம், பழைய கங்காணிதான் தூக்கிவிட்டாராம்.

துரை தலையசைத்துச் சைக்கிளைப் பிடித்தார்.

அந்தக் களத்தில் இங்கிலீஷ் புரிந்தவர்கள் மூன்று பேர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்பா வீட்டில் இருப்பார், மருந்தும் தொடரும். வரிசையில் எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மாமா தான் சொன்னது துரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நம்பி நின்றிருந்தார். தலையசைப்பை அவரும் பார்த்தார். அப்படியானால் துரைக்கு இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை போலும் என்று அவர் முகம் மெல்லத் தொங்கியதை நான் பார்த்தேன்.

நான் முன்னால் போய் முழுவதையும் சொன்னேன். அடித்ததை, அண்ணனை, மண்டையை, காய்ச்சல் என்று சொல்லச் சொன்னதை, மருந்தின் மேல் போட்ட பழியை. சொல்லச் சொல்ல என் இங்கிலீஷ் தடுமாறியது. மண்டை ஓட்டுக்கு என்ன வார்த்தை என்று ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. துரை கேட்டு முடித்துவிட்டு, அது என் காலத்துக்கு முந்தியது, அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். ஆனால் ரத்தம் ரத்தம்தான்; கிழவர் இன்றே போக வேண்டும். பெரிய கிராணியை அவர் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய கிராணி அதன் பிறகு என்னோடு பேசியதில்லை.

மாமா என் அருகில் வந்தார்.

"அண்ணனப் பத்தியும் சொன்னியா தம்பி?"

"சொன்னேன் மாமா."

"என் மருந்து இல்லன்னு?"

"அதையும் சொன்னேன்."

அவர் வரிசையை ஒரு முறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். காது திருகிய கிழவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மாமா களத்துக் கொட்டகையில் வைத்திருந்த தன் வாளியையும் பால் வெட்டும் உளியையும் எடுத்துக்கொண்டு தீம்பாருக்குள் போனார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்.

மத்தியானத்துக்கு முன்பே லாரி வந்தது. அப்பாவை ஏற்றுவதற்குள் ஒரு போலீஸ்காரருக்கு விரல் கடிபட்டது. மற்றவர் தன் பெல்ட்டாலேயே அப்பாவின் கைகளைக் கட்டினார். கட்டிய பிறகும் உதைத்தார். நான் சட்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்து பின்பலகையில் கால் வைத்தேன். களத்தில் நான் இங்கிலீஷில் சொன்னதைக் கேள்விப்பட்டிருந்த அம்மா எனக்கு முன்பே ஏறி அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் உதைத்த காலை மடியில் இழுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ வர வேணாம்," என்றாள். "இங்கிலீசு தெரிஞ்சவங்க அங்கயும் இருப்பாங்க."